இன்ஜின் ஆயிலை நீங்களே பாருங்கள், நீங்களே மாற்றுங்கள்: குமரி மாவட்டத்து வண்டிக்காரர்களுக்கு

100 சிசி பைக்கின் இன்ஜினுக்குள் இருக்கிற ஆயில் ஏறத்தாழ ஒரு லிட்டர்தான். அதில் கால் லிட்டர் குறைந்தால் நாலில் ஒரு பங்கு போய்விட்டது என்று அர்த்தம். பிஸ்டன், கிளட்ச், கியர் மூன்றுமே அந்த ஒரே ஆயிலில்தான் ஓடுகின்றன. ஆயில் குறைந்ததைச் சொல்ல சாதாரண பைக்கில் எந்த விளக்கும் கிடையாது. சத்தமும் உடனே மாறாது. சத்தம் மாறுகிற நேரத்தில் ரீபோர் (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது) செலவு வாசலில் வந்து நிற்கும்.

அதனால் ஆயில் மாற்றுவதற்கு முன்னால் ஆயில் பார்க்கப் பழகுங்கள். மாற்றுவது வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வருகிற வேலை. பார்ப்பது வாரத்துக்கு ஒரு தடவை, சில நிமிஷத்தில் முடிந்துவிடும். பார்க்கிற பழக்கம் மட்டும் வந்துவிட்டால், மாற்றுகிற வேலையை மெக்கானிக்கிடமே விட்டாலும் உங்கள் இன்ஜின் நிறைய நாள் உழைக்கும்.

நம்ம மாவட்டத்தில் இது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படுகிறது. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் நமக்கு உண்டு. காற்றில் ஈரம் இல்லாத மாதம் குறைவு. அதோடு நம்ம ஓட்டமும் பெரும்பாலும் குட்டி ஓட்டம். விடியுமுன் ரப்பர் வெட்டப் போகிறவருக்குத் தோட்டம் இரண்டு கிலோமீட்டர், அப்புறம் சந்தை, பள்ளிக்கூடம், கோயில், சர்ச். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் இறங்கிவிடுகிறோம். பெட்ரோல் எரியும்போது உண்டாகிற நீராவியில் கொஞ்சம் இன்ஜினுக்குள்ளும் இறங்கும். நீண்ட ஓட்டத்தில் அந்தச் சூட்டிலேயே அது வெளியேறிவிடும். குட்டி ஓட்டத்தில் உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகி ஆயிலோடு கலக்கும். ஆகவே கம்பெனி கைப்புத்தகத்தில் ‘இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது’ என்று போட்டிருந்தால், நம்மில் பலருக்கு மாதக் கணக்குதான் முதலில் வரும். கிலோமீட்டர் ஆகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள்.

ஆயில் பார்ப்பது எப்படி

முதலில் சமதளம் வேண்டும். கல்குளம், விளவங்கோடு பக்கம் வீட்டு முற்றம் பெரும்பாலும் சரிவாகத்தான் இருக்கும். மழைத் தண்ணீர் ஓடுவதற்காகப் போட்ட சரிவு அது. அங்கே நிறுத்திப் பார்த்தால் கணக்கு தப்பும். கார் போர்ச்சிலோ வீட்டுத் திண்ணையை ஒட்டிய சிமெண்ட் தரையிலோ நிறுத்துங்கள். சந்தேகமாக இருந்தால் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துப் பாருங்கள், உருளக் கூடாது.

மெயின் ஸ்டாண்டு போடுங்கள். சைடு ஸ்டாண்டில் வண்டி சாய்ந்திருப்பதால் ஆயிலும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அதில் பார்ப்பது வீண். இன்ஜினை ஸ்டார்ட் செய்து மூன்று முதல் ஐந்து நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். அணைத்துவிட்டு இரண்டு மூன்று நிமிஷம் காத்திருங்கள். மேலே ஏறிய ஆயில் கீழே இறங்க அந்த நேரம் வேண்டும்.

இப்போது இன்ஜினின் பக்கவாட்டில் இருக்கும் மூடியைத் திருகி எடுங்கள். அதோடு சேர்ந்து வருகிற குச்சிதான் டிப் ஸ்டிக். சைலன்சர் சூடாக இருக்கும். சாரம் (லுங்கி) கட்டியிருந்தால் மடித்துக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டா இருந்தால் முடிந்துகொள்ளுங்கள். குச்சியைச் சுத்தமான பழைய பனியன் துணியால் முழுக்கத் துடையுங்கள். நூல் உதிர்கிற துணி வேண்டாம். துடைத்த குச்சியைத் திரும்ப ஓட்டைக்குள் வையுங்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் தப்பு செய்கிறார்கள். பெரும்பாலான நம்ம ஊர் பைக்குகளிலும் ஸ்கூட்டர்களிலும் அளவு பார்க்கும்போது மூடியைத் திருகக் கூடாது, சும்மா உட்கார வைத்து எடுக்க வேண்டும். திருகினால் குச்சி உள்ளே கூடுதலாக இறங்கும், ஆயில் நிறைய இருப்பது போலக் காட்டும். குறைந்துபோன ஆயிலைச் சரியாக இருக்கிறது என்று நம்பி ஓட்டுவோம். திருகிப் பார்க்கச் சொல்கிற மாடல்களும் சில உண்டு என்பதால், உங்கள் வண்டியின் கைப்புத்தகத்தில் அந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் படித்துவிடுங்கள்.

எடுத்த குச்சியை வெளிச்சத்தில் படுக்கை வசமாகப் பிடியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் ஆயில் வழிந்து அளவு மாறிவிடும். நுனியில் இரண்டு கோடுகள், அல்லது கோடு கோடாகக் கீறிய ஒரு பகுதி இருக்கும். ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். புது ஆயில் தேன் நிறத்தில் மெல்லிசாக ஒட்டியிருப்பதால் அதன் விளிம்பு சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. குச்சியை லேசாகத் திருப்பினால் ஈரமான பகுதி மின்னும், காய்ந்த பகுதி மங்கலாக இருக்கும். இரண்டும் சேர்கிற இடம்தான் அளவு. மேல்கோட்டை ஒட்டி இருந்தால் நல்லது. இரண்டுக்கும் நடுவில் இருந்தாலும் பயமில்லை. கீழ்க்கோட்டை நெருங்கினால் அன்றைக்கே ஊற்ற வேண்டும். குச்சியில் ஒட்டவே இல்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். பக்கத்துக் கடைக்கு நடந்து போய் ஆயில் வாங்கி வந்து ஊற்றிவிட்டு ஓட்டுங்கள்.

பல்சர், புல்லட் மாதிரி சில வண்டிகளில் இன்ஜின் பக்கத்தில் வட்டமான கண்ணாடி இருக்கும். வண்டியை நேராக நிமிர்த்தி நிறுத்தி அதில் பார்த்தால் போதும்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு நாலுவழிச் சாலையில் சின்ன பைக்கில் ஒரே மூச்சாகப் போகிறவர்கள், பேச்சிப்பாறை, கீரிப்பாறை ஏற்றங்களில் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு லோ கியரில் போகிறவர்கள், புறப்படும் முன் ஒரு தடவையும் திரும்பி வந்த பிறகு ஒரு தடவையும் பாருங்கள். பழைய இன்ஜின் ஆயில் குடிப்பது இந்த மாதிரி ஓட்டத்தில்தான் வெளியே தெரியும்.

நிறம், மணம், தொடுதல்

ஆயில் கறுத்துவிட்டது, அதனால் கெட்டுவிட்டது என்று சொல்வார்கள். அப்படி இல்லை. இன்ஜினுக்குள் படிகிற கரியைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்வது ஆயிலின் வேலைகளில் ஒன்று. டீசல் வண்டியில் மாற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுத்துப் போகும். நிறத்தை மட்டும் பார்த்து முடிவு எடுக்க வேண்டாம்.

ஆனால் பால் விட்ட சாயா மாதிரி வெளுத்து இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மழைக்காலத்தில் மூடியின் உள்பக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெண்ணிறப் பசை ஒட்டியிருந்தால், அது நான் மேலே சொன்ன குட்டி ஓட்டத்தின் ஈரமாக இருக்கலாம். துடைத்துவிட்டு, நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய் வருகிற அளவுக்கு ஒரு ஓட்டம் ஓட்டிப் பாருங்கள். திரும்ப வராவிட்டால் சரி. குச்சியில் ஒட்டுகிற ஆயில் முழுக்க வெளுத்திருந்தால் உடனே மாற்ற வேண்டும், காரணத்தையும் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீரில் குளிர்கிற கார் இன்ஜின் என்றால் இன்ஜினின் மேல்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படுங்கள்.

2021 நவம்பர் மழையில் நம்ம மாவட்டத்தில் எத்தனை சாலைகள் தண்ணீருக்குள் கிடந்தன என்று ஞாபகம் இருக்கும். அப்படி வண்டி இன்ஜின் மட்டத்துக்கு மேல் மூழ்கியிருந்தால் செல்ஃப் அடிக்காதீர்கள், கிக்கரும் உதைக்காதீர்கள். தள்ளிக்கொண்டு போய், ஆயிலை மாற்றி, ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் பார்த்த பிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்னொரு அறிகுறியை யாரும் கவனிப்பதில்லை. ஊற்றாமலேயே ஆயில் அளவு கூடியிருந்தால், குச்சியை மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை வந்தால் பெட்ரோல் இன்ஜினுக்குள் கசிகிறது. அந்த ஆயில் நீர்த்துப் போயிருக்கும், அதில் ஓட்டக் கூடாது. ஆயிலை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்க்கும்போது மணல் மாதிரி நெருடினாலோ, பளபளவென்று உலோகத் தூள் தெரிந்தாலோ, அடுத்த வேலை மெக்கானிக்கிடம்தான். சைலன்சரில் நீலப் புகை வந்து, ஆயிலும் அடிக்கடி குறைந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் போயிருக்கும். ஊற்றி ஊற்றி ஓட்டுவது அதற்கு மருந்தாகாது.

எந்த ஆயில் வாங்குவது

கைப்புத்தகத்தில் போட்டிருப்பதை வாங்குங்கள். 10டபிள்யூ-30 என்று இருந்தால், முதல் எண் குளிர்ந்த நிலையில் எப்படி ஓடும் என்பதையும், பின்னால் வரும் எண் 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதையும் காட்டுகிறது. “நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது” என்று சொல்லி 20டபிள்யூ-40 ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. பழைய வண்டிகளுக்கு அது சரியாக இருந்தது. இன்றைய இன்ஜின்களில் இடைவெளிகள் நெருக்கமானவை. மெல்லிய ஆயிலை நினைத்துச் செய்த வண்டிக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் மேலே வரை ஏறத் தாமதமாகும், மைலேஜும் குறையும்.

டப்பாவின் பின்பக்கத்தில் ஜாசோ (JASO, ஜப்பானியத் தரக் குறியீடு) என்ற வார்த்தையைத் தேடுங்கள். கியர் பைக்கில் கிளட்ச் ஆயிலுக்குள் நனைந்தபடி வேலை செய்வதால் எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) வேண்டும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்குப் பெரும்பாலும் எம்பி (MB). ஸ்கூட்டர் ஆயிலையோ கார் ஆயிலையோ கியர் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். வீட்டில் கார் ஆயில் மிச்சம் இருக்கிறது என்பதற்காக பைக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

பழக்கமான ஸ்பேர் பார்ட்ஸ் கடையில், சீல் உடையாத டப்பாவாக வாங்கி, பில் வாங்குங்கள். காலி டப்பாவைத் தூக்கிப் போடும் முன் ஆணியால் ஓட்டை போட்டுவிடுங்கள். போலி ஆயில் நிரப்புகிறவர்களுக்கு நல்ல டப்பாதான் முதல் தேவை.

மாற்றும் வேலை

வாரன்டியும் இலவச சர்வீஸும் இருக்கிற வண்டி என்றால் இதைச் செய்யாதீர்கள், சர்வீஸ் சென்டரிலேயே மாற்றி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அது முடிந்த வண்டிக்குத்தான் இனிச் சொல்வது. பல 100 சிசி பைக்குகளுக்கு 6000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்று, நடுவில் 3000-ல் குறைந்ததை நிரப்பு என்று கைப்புத்தகம் சொல்லும். தினமும் குட்டி ஓட்டமே ஓடுகிறவர்கள் அதற்கு முன்பே மாற்றுவது நல்லது.

வேண்டியவை: டிரெயின் போல்ட்டுக்கு (இன்ஜினுக்குக் கீழே ஆயிலை வடிக்கிற போல்ட்) சரியாகப் பொருந்தும் ரிங் ஸ்பானர், அகலமான பழைய பேசின், புனல், மில்லி கோடு போட்ட அளவு ஜாடி, துணி, ரப்பர் கையுறை, அப்புறம் அந்த போல்ட்டுக்குப் புது வாஷர். அந்த வாஷர் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழையதையே போட்டு ஆயில் ஒழுகிய வண்டிகள் ஏராளம். அட்ஜஸ்டபிள் ஸ்பானர் வேண்டாம், போல்ட் தலையின் முனைகளை மழுக்கிவிடும். முட்டம், கடியபட்டணம், குளச்சல் மாதிரி கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாளே துருவை இளக்குகிற எண்ணெய் கொஞ்சம் தெளித்து வையுங்கள், தலையைச் சுற்றியுள்ள மண்ணைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எடுங்கள்.

இன்ஜினை மூன்று நாலு நிமிஷம் ஓட விட்டு அணையுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் இளகி ஓடும், அழுக்கையும் கூட்டிக்கொண்டு வரும். நீண்ட ஓட்டம் முடிந்து வந்தவுடன் திறந்தால் கை வெந்துவிடும், கொஞ்சம் ஆற விடுங்கள். மெயின் ஸ்டாண்டு போட்டு, மேல்மூடியை முதலில் திறங்கள். மேலே காற்றுப் போனால்தான் கீழே ஆயில் சீராக இறங்கும். இன்னொரு காரணமும் உண்டு: மேல்மூடி திறக்க வராத வண்டியில் கீழே ஆயிலை வடித்துவிட்டால் புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் நிற்க வேண்டி வரும்.

பேசினை வைத்து, கீழே உள்ள டிரெயின் போல்ட்டைத் தளர்த்துங்கள். கீழேயிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமா வலமிருந்து இடமா என்று குழம்பும். போல்ட்டின் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக நினைத்து, கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள். ஸ்பானரால் தளர்த்தியதும் மீதியை விரலால் கழற்றுங்கள், கடைசி மரை வரும் வரை போல்ட்டை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடியே திருகினால் கையில் கொட்டாது. ஆயில் முதலில் கனமான தாரையாக விழும், பிறகு நூலாக இறங்கும், அப்புறம் சொட்டும். சொட்டு நிற்கப் பத்து நிமிஷமாவது கொடுங்கள். சாவி ஆஃப்பில் இருக்கும்போது கிக்கரை நாலைந்து தடவை மெதுவாக அழுத்தினால் உள்ளே தங்கியதும் வரும்.

ஸ்கூட்டரில் ஒரு எச்சரிக்கை. பின் சக்கரத்துப் பக்கம் கியர் ஆயிலுக்குத் தனி போல்ட் இருக்கும். இன்ஜின் ஆயில் என்று நினைத்து அதைத் திறந்துவிட்டு, இன்ஜினுக்கு மறுபடி ஊற்றினால் இரண்டு பக்கமும் கெடும். எது எது என்று படத்தைப் பார்த்து உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள்.

போல்ட்டையும் அது உட்காரும் இடத்தையும் துடைத்து, புது வாஷர் போட்டு, விரலாலேயே முழுக்கத் திருகுங்கள். விரலுக்கு வராமல் பாதியில் இறுகினால் மரை கோணலாக ஏறுகிறது, கழற்றித் திரும்பப் போடுங்கள். முழுக்க உட்கார்ந்த பிறகு ஸ்பானரில் ஒரு சின்ன இறுக்கு போதும். இன்ஜினின் உடம்பு அலுமினியம், போல்ட் இரும்பு. பலம் காட்டினால் மரை அறுந்துவிடும், அப்புறம் லேத் கடைக்குத்தான் போக வேண்டும். இந்த வேலை முழுவதிலும் பொறுமை வேண்டிய இடம் இதுதான்.

பேப்பர் ஃபில்டர் உள்ள வண்டியில் அதையும் அதன் ஓ-ரிங்கையும் மாற்றுங்கள். சாதாரண 100 சிசி பைக்குகளில் சுழன்று அழுக்கைப் பிரிக்கிற ஃபில்டரும் சல்லடையும்தான் இருக்கும். அவற்றைச் சுத்தம் செய்யப் பக்க மூடியைக் கழற்ற வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

இனி ஊற்றுவது. கைப்புத்தகத்தில் இரண்டு அளவு இருக்கலாம்: ஆயில் மாற்றும்போது ஒன்று, இன்ஜினை முழுக்கப் பிரித்தால் ஒன்று. நமக்கு முதல் அளவு, அது சிறியது. அதிலும் நூறு மில்லி குறைத்து ஊற்றுங்கள். மூடியைப் போட்டு, மூன்று நிமிஷம் ஓட விட்டு, அணைத்து, காத்திருந்து, குச்சியைப் பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மேல்கோடு வரை நிரப்புங்கள். டப்பாவை அப்படியே கவிழ்க்கிற பழக்கம் ஆபத்து. ஆயில் அதிகமானால் உள்ளே சுழல்கிற கிராங்க் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரைக்கு உராய்வைத் தடுக்கிற சக்தி இல்லை. மிஞ்சியது சீல் வழியாகக் கசியும், ஏர் ஃபில்டரை நனைக்கும். கூடிவிட்டால் டிரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்துவிடுங்கள், சோம்பல் பட வேண்டாம்.

தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி சைடு பேனலுக்கு உள்ளே ஒட்டிவிடுங்கள். ராத்திரி வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வைத்து, காலையில் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கரி ஆயிலை என்ன செய்வது

நம்ம மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிணறு, ஊருக்கு ஊர் குளம், நடுவில் கால்வாய்கள். மண்ணில் ஊற்றிய கரி ஆயில் அடுத்த மழையில் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுசீந்திரம் தேரூர் குளங்கள் 2022-ல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டவை. அந்தக் குளத்துக்குப் போகும் ஓடையில் ஒரு பேசின் ஆயிலைக் கொட்டுவதை நினைக்கவே வேதனையாக இருக்கிறது. பயன்படுத்திய ஆயில் சட்டப்படி அபாயகரக் கழிவு, அபாயகரக் கழிவு பற்றிய 2016 விதிகளில் அப்படித்தான் இருக்கிறது.

சென்ட்ரிங் பலகைக்குப் பூச, மரத்தில் கரையான் ஏறாமல் இருக்க, வேலிக் கல்லுக்கு, பைக் செயினுக்கு என்று கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு. கொடுக்காதீர்கள். அதில் உலோகத் தூளும் எரிந்த மிச்சங்களும் இருக்கின்றன, பூசிய இடத்திலிருந்து மழையில் இறங்கும், தோலுக்கும் ஆகாது. செயினுக்கோ அது நன்மையைவிடத் தேய்மானத்தைத்தான் கொடுக்கும். பேசினில் இருப்பதைப் புனல் வைத்து ஒரு பழைய கேனில் ஊற்றி, இறுக மூடி, தண்ணீரோ பெட்ரோலோ கலக்காமல் வையுங்கள். பேரலில் சேர்த்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். யாருக்கு விற்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் அவர்களும் கவனமாக இருப்பார்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு

காரில் அளவு பார்ப்பது இன்னும் சுலபம். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன், சமதளத்தில், பானெட்டைத் திறந்து குச்சியை உருவித் துடைத்து, முழுக்க உள்ளே தள்ளி, மறுபடி எடுத்துப் பாருங்கள். டாஷ்போர்டில் எரிகிற சிவப்பு எண்ணெய்க் குடுவை விளக்கு அளவைச் சொல்வதில்லை, ஆயிலின் அழுத்தம் போய்விட்டதைச் சொல்கிறது. ஓடும்போது அது எரிந்தால் அடுத்த பங்க் வரை கூடப் போகாமல் ஓரம் கட்டி அணையுங்கள்.

மாற்றுவதைப் பொறுத்தவரை, காரை ஜாக்கியில் தூக்கி அதன் அடியில் படுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். மழையில் ஊறிய செம்மண்ணில் ஜாக்கி புதையும், சாயும். உறுதியான ஆக்சில் ஸ்டாண்டும் சிமெண்ட் தரையும் இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஒர்க்‌ஷாப்பில் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். செய்வதானால் ஆயில் ஃபில்டரைக் கட்டாயம் மாற்ற வேண்டும். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினில் ஒட்டிக்கொண்டு இருந்துவிடும், விரலால் தடவி உறுதி செய்யுங்கள். புது ஃபில்டரின் ரப்பரில் கொஞ்சம் புது ஆயிலைத் தடவி, கையாலேயே இறுக்குங்கள். ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்ததும் சிவப்பு விளக்கு சில நொடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் உடனே இன்ஜினை நிறுத்துங்கள். அணைந்தால் இரண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தி, ஃபில்டர் பக்கமும் போல்ட் பக்கமும் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்து, ஐந்து நிமிஷம் கழித்துக் குச்சியை இன்னொரு தடவை உருவிப் பாருங்கள். புது ஃபில்டர் கொஞ்சம் ஆயிலை இழுத்துக்கொண்டிருக்கும், அந்தக் குறையை நிரப்பிவிட்டு பானெட்டை மூடலாம்.